ஐந்தாம் ஆண்டில் என்ன நடக்கிறது? உயிரியலில் ஒருங்கிணைந்த முதுகலை பற்றி ஓர் எளிய விளக்கம்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையூர்கள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். பிள்ளை உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், நீட் மதிப்பெண் மருத்துவத்துக்கு எட்டவில்லை, அடுத்து என்ன? உடனே யாராவது ஒருவர், "ஐந்து வருஷ எம்.எஸ்சி. இருக்கிறதே, ஒரு வருஷம் மிச்சமாகும்" என்பார். "அதை முடித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமாம்" என்பார் அடுத்தவர். "இங்கிலாந்தில் அதையே நாலு வருஷத்தில் முடித்துவிடுகிறார்கள்" என்று மூன்றாமவர் முடிப்பார்.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவது சரி, ஆனால் அதன் காரணம் பலரும் நினைப்பதிலிருந்து வேறு. இந்த அரைகுறைத் தகவல்களை நம்பிச் சேர்ந்துவிட்டு, நான்காம் ஆண்டில் "இதற்கா வந்தோம்" என்று தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்களுக்கு மிகப் பொருத்தமான படிப்பு என்பதே தெரியாமல் விட்டுவிட்டவர்கள் அவர்களைவிட அதிகம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் வலிக்கிறது. விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கும்போது அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதிவைப்பது நல்லது.

## நேர் டிக்கெட்

இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போக இரண்டு வழி உண்டு. மதுரை பஸ்ஸில் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கே சென்னை பஸ் பிடிக்கலாம். அல்லது ஊரிலேயே சென்னைக்கு நேராக டிக்கெட் எடுத்து உட்கார்ந்துவிடலாம்.

மூன்று ஆண்டு பி.எஸ்சி. படித்து, பட்டம் வாங்கி, மறுபடி விண்ணப்பம் போட்டு, நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.யில் சேர்வது மாட்டுத்தாவணியில் மாறிப் போவது. ஒருங்கிணைந்த முதுகலை என்பது நேர் டிக்கெட். பிளஸ் டூ முடித்ததும் ஒரே சேர்க்கை, ஒரே பாடத்திட்டம், கடைசியில் கையில் முதுகலைப் பட்டம்.

இதிலிருந்தே பல சந்தேகங்கள் தீர்ந்துவிடும். மூன்றும் இரண்டும் ஐந்து. நேராகப் போனாலும் ஐந்து. ஆகவே இந்தியாவில் ஆண்டு எதுவும் மிச்சமாவதில்லை. மிச்சமாவது அலைச்சல். மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் இடம் கிடைக்குமா, எந்த ஊரில் கிடைக்கும், விடுதி உண்டா என்று ஒரு குடும்பமே மறுபடி கலங்க வேண்டியதில்லை. அதிலும் பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது சின்ன லாபம் இல்லை. பி.எஸ்சி. முடித்து வீட்டில் இருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் "போதும் படித்தது" என்ற பேச்சு தொடங்குகிறது. அப்படியோர் இடைவெளியே இல்லாத படிப்பு அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பதில்லை.

கொடுக்கும் விலையும் உண்டு. மாட்டுத்தாவணியில் இறங்கியவருக்கு, சென்னை வேண்டாம், கோயம்புத்தூர் போகலாம் என்று மனம் மாற வாய்ப்பு இருக்கிறது. விலங்கியலில் பி.எஸ்சி. முடித்தவர் நுண்ணுயிரியலுக்குத் திரும்பலாம், கடல் உயிரியலுக்குப் போகலாம், பி.எட். படித்து ஆசிரியராகலாம். நேர் டிக்கெட் எடுத்தவர் பெரும்பாலும் அதே வழியில்தான் போக வேண்டும். நடுவில் இறங்க முடியுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் மூன்று அல்லது நான்கு ஆண்டில் இளங்கலைப் பட்டத்தோடு வெளியேறலாம்; சில இடங்களில் அந்த வசதி கிடையாது.

இதுவரை சொன்னது: ஒருங்கிணைந்த முதுகலை என்பது இளங்கலையும் முதுகலையும் ஒரே சேர்க்கையில் அமைந்த படிப்பு. காலம் குறையாது, இடையில் உள்ள தடை குறையும், வழி மாற்றும் வாய்ப்பும் குறையும். பஸ் உதாரணம் இவ்வளவுக்குத்தான் பொருந்தும். ஏனென்றால் பஸ்ஸில் கடைசி ஐம்பது கிலோமீட்டரும் அதே தார்ச்சாலைதான். இந்தப் படிப்பில் கடைசி ஆண்டு முற்றிலும் வேறு தரை.

## எதோடு எதைக் குழப்பக் கூடாது

முதுகலை முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் வராது. அது முனைவர் பட்டத்துக்கு, அதாவது பல ஆண்டு ஆராய்ச்சி செய்து பெறும் பிஎச்.டி.க்கு உரியது. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று ஒரு படிப்பு தனியாக இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் அது உண்டு. ஆனால் அதற்கு பி.எஸ்சி. முடித்த பிறகுதான் போக முடியும். பிளஸ் டூ முடித்ததும் முடியாது.

பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு ஆண்டில் தருவதும் ஒருங்கிணைந்த படிப்புதான். அது ஆசிரியப் பணிக்கானது, முதுகலை இல்லை. மீன்வளக் கல்லூரிகளின் நான்காண்டு பட்டமும் வேறு: மீன் வளர்ப்பு, பதப்படுத்துதல் போன்ற தொழில்களுக்கு ஆள் தயாரிக்கும் படிப்பு அது. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு மிக நல்ல படிப்பும்கூட. அதை இதற்கு மாற்றாக எண்ணக் கூடாது என்பதற்காக மட்டுமே இங்கே சொல்கிறேன்.

## கிரெடிட் கணக்கு

"கூடுதல் ஓர் ஆண்டு படித்தால் முதுகலை" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த ஓர் ஆண்டில் எவ்வளவு பாடம், எவ்வளவு கடினம் என்பதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. அதன் அலகுதான் கிரெடிட்: ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிடும் உழைப்பின் அளவு. இந்தியாவில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுவதும் நடந்தால் ஒரு கிரெடிட்; செய்முறை வகுப்பு என்றால் வாரம் இரண்டு மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டு இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160.

பிரிட்டனில் அலகு வேறு. அங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, வீட்டுவேலை எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேர உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட். மூன்றாண்டு இளங்கலைக்கு 360. ஒருங்கிணைந்த முதுகலைக்கு 480. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 120 கிரெடிட், அதாவது ஓர் ஆண்டு. ஆனால் அந்தக் கடைசி 120 கிரெடிட்டும் முதுகலை நிலையில் இருந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. இளங்கலைப் பாடங்களையே இன்னும் ஓர் ஆண்டு நீட்டிப் படித்தால் முதுகலை ஆகாது.

சுருக்கமாக: கிரெடிட் என்பது உழைப்பின் அளவு, நிலை என்பது அந்த உழைப்பின் தன்மை. முதுகலை ஆண்டில் இரண்டாவதுதான் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதற்கு நம் கடலிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

## மரிக்கொழுந்துப் பாசியும் இரண்டு கேள்விகளும்

பாம்பன் சின்னப்பாலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். கட்டக்கோரை, கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில் தவறு வராது. இவற்றில் மரிக்கொழுந்துப் பாசி சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அகர் என்பது வெந்நீரில் கரைந்து, ஆறினால் கெட்டியாகும் பொருள். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் கெட்டியாக உறைந்திருப்பது அகர்தான். அதன் சிறப்பு என்னவென்றால், 40 டிகிரிக்குக் கீழே உறைந்த பிறகு மறுபடி இளகுவதற்கு 85 டிகிரி வரை சூடு வேண்டும். அதனால் பாக்டீரியா வளரும் 37 டிகிரிச் சூட்டில் தட்டு உருகி ஓடாது.

இப்போது இளங்கலைச் செய்முறை வகுப்பில் ஒரு மாணவிக்கு இந்தப் பாசியைக் கொடுக்கிறார்கள். கழுவு, காயவை, எடை போடு, கொதிக்கவை, வடிகட்டு, உறையவை, மறுபடி உலர்த்து, கிடைத்த அகரின் எடையைப் பார். எல்லாப் படிகளும் கையேட்டில் உள்ளன. எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். மாணவிக்குக் குறைவாகக் கிடைத்தால், எந்தப் படியில் கவனம் தவறியது என்று தேடுவார்கள். விடை இருக்கிறது, அதை அவள் அடைகிறாளா என்பதே சோதனை.

அடுத்த கேள்வியைப் பாருங்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் நிறுத்திவைப்பது. அவர்களுக்குத் தலைமை ஏற்ற லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015-ல் சீக்காலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. இடைவெளி விட்டால் பாசி மீள்கிறது என்பது அந்தப் பெண்கள் கண்டறிந்தது. எத்தனை நாள் இடைவெளிக்கு எவ்வளவு மீள்கிறது? வேர்ப்பிடிப்போடு பிடுங்கினால் என்ன, மேல்பகுதியை மட்டும் கிள்ளினால் என்ன? தென்கடலான மன்னார் வளைகுடாவில் உள்ள பாறையிலும் வடகடலான பாக் நீரிணையில் உள்ள பாறையிலும் ஒரே மாதிரி மீள்கிறதா?

இதற்குக் கையேடு இல்லை. வழிகாட்டும் பேராசிரியருக்கும் விடை தெரியாது. முதுகலை ஆண்டின் கேள்வி இதுதான். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் முழுப் படிப்பையும் புரிந்துகொண்டது போல.

அந்தக் கேள்வியை எப்படிக் கையாள்வது? முதலில் கடலடிப் பாறையில் அளவெடுக்க ஒரு முறை வேண்டும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாக ஒரு சட்டம் செய்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு கட்டிக்கொள்வார்கள். சட்டத்தைப் பாறைமேல் வைத்து, எத்தனை கட்டங்களில் பாசி இருக்கிறது என்று எண்ணுவார்கள். இதற்குச் சதுரச் சட்ட முறை என்று பெயர். ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. அந்த இடத்தில் தற்செயலாகப் பாசி அடர்ந்திருக்கலாம். பல இடங்களில், முன்கூட்டியே தீர்மானித்த இடைவெளியில் வைக்க வேண்டும். பாசி நிறைய இருக்கும் இடமாகப் பார்த்துக் கை தானாகச் சட்டத்தை வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து, பாசி எடுத்த இடத்தை மட்டும் பார்த்தால் மீள்வது தெரியாது. யாரும் தொடாத இடத்தையும் அதே நாளில், அதே ஆழத்தில் அளக்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டுப் பகுதி என்று பெயர். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தென்கடல் கலங்கும். வாடைக் காலத்தில் வடகடல் கலங்கும். அலை அடித்துப் பாசி குறைந்ததை, ஆள் எடுத்துக் குறைந்தது என்று எழுதிவிடுவோம். அந்தப் பழி அந்தப் பெண்கள் தலையில் விழும். ஒப்பீட்டுப் பகுதி என்பது ஏதோ தேர்வுக்கு எழுதும் வரையறை என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது: உங்கள் முடிவால் ஒருவருடைய பிழைப்பு நின்றுபோகலாம், ஆகவே சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

மீண்டும் சுருக்கமாக: இளங்கலையில் விடை தெரிந்த கேள்விகள். முதுகலை ஆண்டில் விடை தெரியாத ஒரு கேள்வி. அதற்கு நம்பத்தகுந்த விடை காணும் முறையை மாணவரே வகுக்க வேண்டும்.

## அந்த ஆண்டு எப்படிப் போகும்

ஆண்டின் தொடக்கத்தில், அல்லது அதற்கு முந்தைய பருவத்திலேயே, வழிகாட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் அதே நிறுவனத்தில் இருக்கலாம். பல இடங்களில் வெளி ஆய்வு நிலையங்களுக்கும் அனுப்புகிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை மண்டபத்தில்தான் இருந்தது. கடல் விறால் மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வதில் 2010-ல் இந்தியாவில் முதல் வெற்றி கிடைத்ததும் இந்த மண்டபத்தில்தான். மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் அங்கே இருக்கிறது. இந்த வளாகங்களின் மதில் சுவரை ஒட்டி நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கு இது ஆறாத குறை.

கேள்வி முடிவானதும் அனுமதி வாங்க வேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலே வைக்க முடியாது. மாதிரி எடுப்பது அதற்கும் அப்புறம். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆவுளியா, அதாவது கடல் பசுவும் பாதுகாக்கப்பட்டதே. ஆகவே கடல் சார்ந்த ஆய்வை ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய மாணவர், பூங்காவுக்கு வெளியே கரையோரத்தில் செய்யக்கூடிய கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

பிறகு தரவு சேர்ப்பது. இதில்தான் மாதங்கள் கரையும். கடல் இறங்க விடாத நாட்கள் வரும். கட்டி வைத்த அடையாளக் கயிறு அலையில் போய்விடும். அதே அளவை மறுபடி எடுத்துப் பார்த்தால் முதல் தடவை வந்த எண் இரண்டாம் தடவை வராது. மாணவர்கள் சோர்ந்து போவது இங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏன், இளங்கலை வரையிலும்கூட, உழைத்தால் மதிப்பெண் வரும் என்று பழகியவர்கள் அவர்கள். இங்கே உழைத்தும் விடை வராமல் போகலாம். எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை என்பதும் ஒரு முடிவுதான்; முறை சரியாக இருந்தால் அதற்கும் முழு மதிப்பு உண்டு. இதை ஆசிரியர்கள் சொல்லித்தருவது போதாது என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஆய்வேடு எழுத வேண்டும். கேள்வி என்ன, முன்பு யார் என்ன கண்டார்கள், எந்த முறையில் அளந்தேன், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள் என்று வரிசையாக எழுதிய நூல்தான் ஆய்வேடு. அதைப் படித்த பேராசிரியர்கள் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதுதான் வாய்மொழித் தேர்வு.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: சாதாரண இரண்டாண்டு எம்.எஸ்சி.யிலும் ஆய்வுத் திட்டம் இருக்கிறதே? இருக்கிறது. பெரும்பாலும் கடைசிப் பருவத்தில், மற்ற பாடங்களோடு சேர்த்து, சில மாதங்களுக்கு. நல்ல துறையில் அதுவே சிறப்பாக நடக்கும். மோசமான ஒருங்கிணைந்த படிப்பில் ஐந்தாம் ஆண்டிலும் வகுப்பறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். பெயரைப் பார்த்துத் தீர்மானிக்காமல், கடைசி ஆண்டில் ஆய்வுக்கு முழு நேரம் கிடைக்கிறதா என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

## உயிரியலுக்குச் சேர்ந்தால் கணக்கு ஏன்?

ஐசர் என்று அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் உயிரியலை விரும்பிச் சேர்ந்த பிள்ளைகள் முதல் பருவத்தில் வீட்டுக்குப் போன் செய்து அழுவது கணக்கால்தான். அங்கே தொடக்கத்தில் எல்லோருக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உண்டு. சிறப்புப் பாடம் பிறகுதான் வரும்.

இது தண்டனை இல்லை. மேலே சொன்ன பாசிக் கேள்வியையே பாருங்கள். முப்பது இடங்களில் எண்ணிய எண்களில் தெரியும் வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று சொல்வது புள்ளியியல். பாசியின் மரபணு வரிசையை ஒப்பிடுவது கணினி வேலை. கடல் வெப்பம் கூடினால் பவளம் வெளுப்பது ஏன் என்பதில் இயற்பியலும் வேதியியலும் கலந்திருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தபோது, எத்தனை சதவீதம் வெளுத்தது, எத்தனை மீண்டது என்று அளந்தவர்கள் உயிரியலாளர்கள்தான். கணக்கைத் தவிர்ப்பதற்காக உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை இந்தப் படிப்பில் சேரக் கூடாது என்று சொல்ல மாட்டேன். சேரும் முன் விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை எடுத்து உட்காரச் சொல்வேன். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

## இந்தியாவில் எங்கே, எப்படி

புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்காம்பூர் ஆகிய ஏழு ஊர்களில் ஐசர் இருக்கிறது. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்தாண்டு படித்து இளங்கலை, முதுகலை என இரட்டைப் பட்டம் வாங்கலாம். ஐந்தாம் ஆண்டு ஆய்வுக்கானது. சேர்க்கை ஐசர் நடத்தும் தனித் திறனறித் தேர்வு வழியாக. நான்கு பாடங்களிலிருந்தும் சம எண்ணிக்கையில் கேள்வி வரும். புவனேஸ்வரில் உள்ள நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நெஸ்ட் என்ற தேர்வு. நீட் மதிப்பெண்ணை வைத்து இவற்றில் இடம் கிடைக்காது. தேர்வு வேறு, கடைசி நாளும் வேறு. நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த விண்ணப்பக் கதவுகள் அதற்குள் மூடியிருக்கும். ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுவது தகுதி இல்லாததால் இல்லை, இந்தத் தேதிகளால்தான்.

செலவைப் பொறுத்தவரை, பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில் கிடைக்கும், 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கானது. சாதாரணக் கல்லூரி பி.எஸ்சி.க்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

## பிரிட்டனில் நான்கு ஆண்டு ஏன்?

அங்கே இளங்கலை மூன்று ஆண்டு, தனி முதுகலை ஓர் ஆண்டு. மூன்றும் ஒன்றும் நான்கு. அதனால்தான் ஒருங்கிணைந்த முதுகலையும் நான்கு. அங்கேயும் குறுக்கு வழி கிடையாது. ஸ்காட்லாந்தில் இளங்கலையே நான்கு ஆண்டு என்பதால் அங்கே ஐந்து. உயிரியலில் இந்தப் பட்டத்துக்குப் பெரும்பாலும் எம்.பயால். என்று பெயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் உயிரியல் படிப்பை 2019-ல் இந்த வடிவத்துக்கு மாற்றியது: மூன்றாம் ஆண்டு முடிவில் இளங்கலையோடு வெளியேறலாம், அல்லது நான்காம் ஆண்டு தொடர்ந்து ஆய்வுத் திட்டம் செய்யலாம்.

பல பல்கலைக்கழகங்களில் கடைசி ஆண்டுக்குப் போக இடையில் ஒரு மதிப்பெண் எல்லை வைத்திருக்கிறார்கள். சுமார் 60 சதவீதம் என்பது பரவலான அளவு. எட்டாதவர்கள் இளங்கலைப் பட்டத்தோடு நிற்பார்கள். உள்ளூர் மாணவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருங்கிணைந்த படிப்பின் முதுகலை ஆண்டுக்கும் இளங்கலைக் கடனே நீளும்; தனி முதுகலை என்றால் அதற்கு வேறு கடன் திட்டம். இங்கிருந்து போகும் பிள்ளைக்கு இந்த வசதி எதுவும் பொருந்தாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தை நான்கு ஆண்டும் கட்ட வேண்டும். உதவித்தொகை உறுதியாகாமல் வீட்டையோ படகையோ அடகு வைத்து இதற்குப் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் முதுகலை முடித்துவிட்டு, ஊதியத்தோடு கூடிய ஆராய்ச்சி இடம் கிடைத்து அங்கே போகும் வழி திறந்தே இருக்கிறது.

பட்டம் இங்கே செல்லுமா என்று கேட்கிறார்கள். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒன்றன் பட்டங்களை மற்றொன்று ஏற்க உடன்பாடு செய்துகொண்டன. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதில் அடங்காது, உயிரியல் அடங்கும்.

## சேரும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். கடைசி ஆண்டில் எத்தனை மாதம் முழுநேர ஆய்வு என்று கேளுங்கள். நடுவில் உடல்நிலையாலோ குடும்பச் சூழ்நிலையாலோ நிற்க நேர்ந்தால் எந்தப் பட்டம் கையில் கிடைக்கும், அதில் எந்தப் பாடத்தின் பெயர் இருக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிற்காலத்தில் பி.எட். படிக்கவோ, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதவோ எண்ணம் இருந்தால் இது மிக முக்கியம். அரசு வேலைகளில் எந்தப் பட்டம் எதற்கு இணை என்பதை அரசாணை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். விலங்கியல், தாவரவியல் என்ற பெயர் இல்லாமல் உயிர் அறிவியல் என்றோ வெறும் அறிவியல் என்றோ பட்டம் இருந்தால் அந்த ஆணையைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலான நல்ல துறைகள் தயங்காமல் தரும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு தலைப்பும் வேறு வேறு கேள்வியாக இருந்தால், ஐந்தாம் ஆண்டு உண்மையிலேயே நடக்கிறது என்று பொருள். இடத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒரே தலைப்பு ஆண்டுதோறும் திரும்பி வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.